இருநூற்று எழுபத்தெட்டு கிராம்

குறுவை நெல் வரத்து குறைந்த ஒரு மதியம்
ஈரப்பதத்துக்கு மாதிரி நிறுக்கும் சின்னத் தராசில்
என் ஷூவை வைத்தேன்.
இடது இருநூற்று எழுபத்தெட்டு கிராம்.
வலது இருநூற்று எண்பத்தொன்று.
கவிழ்த்துத் தட்டினால் மூன்று கிராம் பதரும் மண்ணும்.
சரியாகிவிட்டது.
லோடுமேன் சிங்காரவேலு எட்டிப் பார்த்து
"மூட்டைக்கு எவ்வளவு கழிக்கிறீங்க மேடம்" என்றார்.

கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடுகிற ஷூ.
வலைத்துணி, பேருக்கு ஒரு நாக்கு,
குதிகாலில் சுண்டுவிரல் கனத்துக்கு நுரை.
"இது ஷூ இல்லடி, சாக்ஸுக்கு டயர் ஒட்டியிருக்கான்"
என்றாள் அமலோற்பவம், எங்கள் சென்டர்,
ஆறடிக்கு ஒரு விரல் குறைவு.
அவளுடையது முழங்காலை நலம் விசாரிக்கிற உயரம்.

நானும் உயரக் கழுத்து போட்டவள்தான்.
ஒற்றைக்கு நானூற்று நாற்பது கிராம்.
அதை இறுக்கிக் கட்டியிருந்த நாளில்தான்
காரைக்காலில் ஒருத்தியின் பாதத்தின் மேல் இறங்கி
ஆறு வாரம் உட்கார்ந்தேன்.
ஆகையால் கழுத்தின் மேல் எனக்குப் பக்தி இல்லை.
கழுத்தில்லாததன் மேலும் இல்லை.

கிடைத்தது முதல் எட்டு.
எதிரே நிற்பவள் இடுப்பைத் திருப்புமுன்
நான் அவள் தோளைத் தாண்டியிருப்பேன்.
பிறகு, தரை.
நீடாமங்கலம் மைதானத்தில் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு இடப்பக்கம்
தார் ஊற்றி அடைத்த விரிசல் ஒன்று உண்டு.
மிதித்தால் பாதத்துக்குத் தெரியும்;
அங்கிருந்து வளையத்துக்கு இரண்டு எட்டு, ஒரு தாவல்.
குனிந்து பார்க்க வேண்டியதில்லை.
பழைய ஷூவில் அந்த மைதானம்
பக்கத்து வீட்டில் ஓடும் டிவி மாதிரி இருந்தது.

கொடுத்ததையும் சொல்லிவிடுகிறேன்.
தாவுவது இனாம். இறங்குவதற்குத்தான் வாடகை.
இரண்டாம் குவார்ட்டரில் குதிகாலில் ஒரு குண்டூசி.
நான்காவதில் கடப்பாரை.
மறுநாள் காலை அட்டியின் மேல் ஏறி மூட்டை எண்ணும்போது
நாற்பதோடு நிறுத்திவிட்டு
மிச்சத்தைக் கீழே நின்று பெருக்கிக்கொள்கிறேன்.
அடிரப்பர் வேறு இளசு.
இளசாக இருப்பதால் பிடிக்கிறது, பிடிப்பதால் தேய்கிறது.
மரத்தளத்துக்கென்று யாரோ யோசித்துச் செய்தது;
நாங்கள் அதைச் சிமெண்டில் தேங்காயாகத் துருவுகிறோம்.
பெருவிரலடியில் வரிகள் ஆடியில் இருந்தன.
ஐப்பசியில் இல்லை.

ஐப்பசியில்தான் கும்பகோணத்துக்காரிகள் வந்தார்கள்.
இரவு ஆட்டம். நான்கு கம்பம் விளக்கு.
வயலிலிருந்த பச்சைப்பூச்சியெல்லாம் வெளிச்சத்துக்கு வந்து
தரையில் கொட்டிக் கிடந்தது.
பெருக்கப் பெருக்க விழுந்தது.
ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். ஒன்பது விநாடி.
விரிசலை மிதித்தேன். இடது. ஓர் எட்டு.
இரண்டாவதில் தரை இல்லை, பூச்சிக்கூழ்.
பாதம் வெளிப்பக்கம் சாயத் தொடங்கியது
கேட்டது. ஆமாம், கேட்டது.
எதிர்க்காமல் விழுந்தேன்.
விழுந்தபடியே பந்தை அமலோற்பவத்துக்குத் தள்ளினேன்.
அவள் போட்டது வளையத்தை ஒருமுறை சுற்றி
வெளியே வந்தது.

கணுக்கால் பிழைத்தது. முட்டித் தோல் போயிற்று. ஆட்டமும்.
"கழுத்து இருந்திருந்தா நின்னுருப்ப" என்றாள் பர்வீன்.
நின்றிருப்பேன்.
அல்லது மறுபடி ஆறு வாரம்.
இதை நிறுக்க எந்த நிலையத்திலும் தராசு கிடையாது.

செவ்வாய்க்கிழமை கடைவீதியில்
செருப்புக் கடையில் பத்து ரூபாய்க்கு நுரை வெட்டி வாங்கிக்
குதிகாலுக்கடியில் வைத்தேன்.
இருநூற்று எண்பத்தொன்பது.
குண்டூசி இன்னும் வரவில்லை.
விரிசல் மட்டும்
கொஞ்சம் தள்ளி நின்று பேசுகிறது.